வயலின் தரையில் அமர்ந்த கதை

கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் யார் என்றால், பாலுஸ்வாமி தீட்சிதர் என்று சட்டெனப் பதில் வரும். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி. ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றவர். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவையும் சேர்த்துச் சொல்வார்கள். அவருக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசளித்தார்.

இவர்களின் துணிச்சலை நான் குறைத்துப் பேசமாட்டேன். வெள்ளைக்காரரின் வாத்தியத்துக்குள் நம் ராகம் ஒளிந்திருப்பது முதலில் ஏதோ ஒரு தனிக் காதுக்குத்தான் கேட்க முடியும். ஊர் கூடித் தீர்மானம் போட்டு வருவதல்ல அது.

ஆனால் இன்றைய மேடையில் வயலின் இருக்கும் கோலத்தைப் பாருங்கள். வித்வான் சம்மணமிட்டு அமர்கிறார். வாத்தியத்தின் ஒரு முனை மார்போடு சாய்ந்திருக்கிறது, மறுமுனை வலது கணுக்காலில் ஊன்றியிருக்கிறது. இடது கைக்கு அதைத் தாங்கும் வேலை இல்லை. ஆகவே விரல் தந்தி நெடுக வழுக்கி ஓடுகிறது, கமகம் பேசுகிறது. நான்கு தந்திகளின் சுருதியும் ச-ப-ச-ப என்று மாறிவிட்டது. இதெல்லாம் ஒருவர் ஒரே நாளில் செய்து முடித்ததல்ல. குருவிடம் கேட்டதைச் சீடர் கொஞ்சம் மாற்றி, அந்த மாற்றத்தைச் சபை ஏற்று, ஏற்காததை உதிர்த்து, தலைமுறைகளாகப் படிந்தது.

பின்னாளில் கதரி கோபால்நாத் சாக்ஸபோனில் பெரும் சாதனை செய்தார், மாண்டலின் ஸ்ரீனிவாஸும் அப்படித்தான். இருவரும் மேதைகள். ஆனாலும் வயலினைப் போல ஒவ்வொரு பாட்டுக் கச்சேரியிலும் பக்கத்தில் உட்காரும் இடம் அந்த வாத்தியங்களுக்கு வரவில்லை. அந்த இடத்தை மேதை மட்டும் தர முடியாது.

எனக்கு மிகப் பிடித்த தருணம், பாடகர் ஆலாபனையை நிறுத்தியபின் வருவது. அதுவரை ஒரு மூச்சு பின்னால் நிழலாகத் தொடர்ந்த வயலின் வித்வான் இப்போது தன் ராகத்தை வாசிக்கிறார். பாடகர் நினைக்காத ஒரு பிடி வந்து விழுகிறது. முன்வரிசையில் ஒருவர் ‘பலே’ என்கிறார். பாடகரின் முகம் மலர்கிறது. கல்பனாஸ்வரத்தில் அதே பிடி அவர் குரலில் திரும்பி வருகிறது. அது யாருடைய கற்பனை? என் கணக்கில் மூவருக்கும் பங்கு உண்டு, அந்த ‘பலே’க்காரருக்கும் சேர்த்துத்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். பாடகர் ஆலாபனையை முடித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள். வயலினையும் இருந்து கேளுங்கள், பின்னால் வரும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தையும்.