யானை வாங்கலாம்... தீனி?

போன வாரம் எங்க ஹாஸ்டல் வராண்டாவில் பெரிய பஞ்சாயத்து. படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா வேலை பார்க்குற சீனியர் அண்ணன் ஒருத்தர் வந்திருந்தார். “பத்து வருஷப் பழைய ஜெர்மன் கார்டா... புது சின்ன கார் விலைக்கே வருது. சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கிடவா?”

“வாங்குங்கண்ணா!”னு கூட்டம் கத்துச்சு. மெக்கானிக்கல் தேர்ட் இயர் என்ற ஒரே தகுதியில் நான் மட்டும், “இருங்கண்ணா”ன்னேன்.

சொகுசு கார் பழசானா, கார் விலைதான் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது! மேட்டரே இதுதான்.

உதாரணத்துக்கு, 1998-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ். அதில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலா, காற்று அடைச்ச ரப்பர் பை. குண்டும் குழியும் தெரியாது, மெத்தையில் போற மாதிரி இருக்கும். ஆனா, ரப்பருக்கும் வயசாகுமே! விரிசல் விட்டா காற்று கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாம ஓடும். ஓடி ஓடி ஒருநாள் அதுவும் அவுட். ஒரு கோளாறு, ரெண்டு பில்!

அடுத்தது, பந்தா. 2001-ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் ஐ-டிரைவ்னு ஒரு திருகு குமிழ் வந்துச்சு. ஸ்கிரீனில் எல்லாத்தையும் அதை வெச்சே இயக்கலாம். அன்னிக்கு அது அதிசயம். இன்னிக்கு நம்ம செல்போனே அதைவிட நல்லா வழிகாட்டுது. ஷோரூமில் புதுமைக்குன்னு கொடுத்த காசு, அடுத்த மாடல் வந்ததும் ஆவியாகிடும்.

வாங்குற ஆளும் கம்மி. கோடி ரூபாய் வெச்சிருக்கிறவர் புதுசுதான் கேட்பார். பழசு கேட்கிறவருக்கு சர்வீஸ் பில்லை நினைச்சாலே உதறும். 2005-ல் இங்கே வந்த இன்னோவாவைப் பாருங்க... எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது அத்துப்படி. அதனாலதான் பழசானாலும் கெத்து குறையலை.

ஆக, அந்த சீப் ரேட் தள்ளுபடி இல்லை மக்களே... முதல் ஓனர் கட்டாமல் விட்ட பில்லுக்கான அட்வான்ஸ்!

அண்ணன் அப்பவே ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு, நாலே நாலு பார்ட்ஸ் விலை கேட்டார். போனை வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, “டேய், என் பைக்குக்கு செயின் ஸ்பிராக்கெட் மாத்தணும், வர்றியா?”ன்னார்.

நீங்களும் கார் விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி, அதோட ஹெட்லைட் விலையைக் கேளுங்க. வர்ட்டா!