வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்குமுன் தமிழை இட்டுப் பாருங்கள்



தமிழ்ப்பள்ளிப் பெற்றோரில் பலர் சிறுதொழில் நடத்துகின்றனர். பலகாரம் செய்து விற்போர், பூமாலை கட்டுவோர், தையற்கடை வைத்திருப்போர் எனப் பட்டியல் நீளும். முகநூலிலும் புலனத்திலும் விற்றுவந்தவர்கள் தனி இணையத்தளம் அமைக்க முனைவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், தளத்திற்கென ஆயத்த வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கவலை தருகிறது.

வார்ப்புருவின் மாதிரிப் பக்கம் கண்ணைப் பறிக்கும். அதிலுள்ள படங்கள் தொழில்முறைக் கலைஞர் எடுத்தவை. சொற்கள் ஆங்கிலம் அல்லது பொருளற்ற இலத்தீன். அவற்றை நீக்கிவிட்டு, நம் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியால் எடுத்த முறுக்குப் படத்தையும் நம் விலைப்பட்டியலையும் இட்டால்தான் அதன் உண்மை முகம் தெரியும். எனவே, எழுத வேண்டியவற்றை முதலில் எழுதி முடியுங்கள். அதற்குப் பிறகே வார்ப்புருவைத் தேடுங்கள்.

எழுதியதில் தமிழும் இருக்கட்டும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பல வார்ப்புருக்களின் எழுத்துருவில் இலத்தீன எழுத்துகள் மட்டுமே உள்ளன. தமிழை உள்ளிட்டால், அக்கருவியில் இருக்கும் வேறோர் எழுத்துரு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலம் மெலிந்தும் தமிழ் தடித்தும் நிற்கும். வரிகளுக்கிடையே இடம் போதாவிட்டால் 'கீ'யின் மேல்விலங்கும் 'கூ'வின் கீழ்ப்பகுதியும் அடுத்த வரியோடு மோதும். எழுத்துகளைத் தள்ளித்தள்ளி வைக்கும் பாணி ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கலாம். தமிழ்ச்சொல்லையோ அது சிதறடித்துவிடும். 'முன்பதிவு செய்க' என்பது, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கென வரையப்பட்ட பொத்தானில் அடங்காது.

இதைக் கண்ட தொழில்முனைவர், வார்ப்புருவைக் குறை சொல்வதில்லை. "தமிழ் போட்டால் அழகாக இல்லை" என்கிறார். தமிழ் நீக்கப்படுகிறது. 'வணக்கம்' என்னும் ஒரு சொல் மட்டும் படமாக மேலே தொங்கும். படத்திலுள்ள எழுத்தை நம்பித் தேடுபொறியில் நம் கடையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது தனிக்கதை. அதைவிடப் பெரிய இழப்பு வீட்டில் நேர்கிறது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, தன் தாயின் கடைப்பக்கத்திலேயே தமிழுக்கு இடமில்லை என்பதைக் காண்கிறது. தமிழ் தேர்வுத்தாளுக்கு மட்டுமே உரியது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது கற்றுக்கொள்கிறது.

இதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட இயலாது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இலேயே கணினிக்கான 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுள் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே, எழுத்துருவையும் வரி இடைவெளியையும் மாற்ற இடந்தராத வார்ப்புரு, எத்துணை அழகாயினும், நமக்கு வேண்டா என்பதே என் கருத்து.

வாடிக்கையாளர் தமிழர் மட்டுமல்லரே என்று கேட்பீர்கள். உண்மைதான். மலாய்க்காரரும் சீனரும் நம் முறுக்கை விரும்பி வாங்குகிறார்கள். மலாய், ஆங்கிலப் பக்கங்களும் இருக்கட்டும். மும்மொழிக்கும் தனித்தனிப் பக்கம் அமைக்க வார்ப்புரு வசதி தருகிறதா என்று பாருங்கள். வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டவும் இடம் வேண்டும். இணைய விற்பனையில் இவற்றை வெளியிடுவது 2013 முதல் பயனீட்டாளர் சட்டத்தின்கீழ்க் கட்டாயம். கட்டண வார்ப்புருவின் திருட்டுப் படி கிடைக்கிறதென்று யாரேனும் தந்தால் வாங்காதீர்கள். அவற்றில் தீய நிரல்கள் ஒளிந்திருப்பதுண்டு.

பணம் செலுத்துமுன் உங்கள் நீளமான தமிழ்த் தலைப்பையும், ஒரு முழுப் பத்தியையும், விலைப்பட்டியலையும் மாதிரிப் பக்கத்தில் இட்டு, விலை மலிவான கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் அதில்தான் பார்க்கப்போகிறார். பாட்டியையும் படிக்கச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை இருக்குமோ என்ற தயக்கமிருந்தால், வெளியிடுமுன் பிள்ளையின் தமிழாசிரியரிடம் அனுப்பிவையுங்கள். ஆசிரிய நண்பர்களே, அப்படி வருவதை ஒருநாள் தாமதிக்காமல் திருத்திக் கொடுங்கள். தீபாவளி முன்பதிவுகள் நமக்காகக் காத்திரா.