வேம்பு பாடாதா?

ரொறன்ரோவிலிருந்து ஒரு பலகை வரவேண்டுமாம். என் தம்பியின் மகன் நான்கு மாதங்களாக அதற்காகக் காத்திருக்கிறான். பலகை என்றதும் சந்தனமோ அகிலோ என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓடைக்கரைகளில் வளரும் ஆல்டர் என்னும் மரம் அது. மின்கிற்றாரின் உடலை அந்த மரத்தில்தான் செதுக்க வேண்டும், இல்லையேல் நாதம் பிறவாது என்பது அவன் கட்சி. “வேப்ப மரத்தில செய்தா சத்தம் செத்துப்போகும், பெரியப்பா” என்கிறான். இதைச் சொல்லும்போது அவன் சாய்ந்து நின்றது எங்கள் முற்றத்து வேம்பில்.

செய்தியையும் வதந்தியையும் பிரித்தறிவதையே பிழைப்பாகக் கொண்டு முதுமையடைந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், இது வதந்தி.

தவிலுக்குப் பலா வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதில் பொருள் இருக்கிறது. வீணைக் குடத்துக்கும் பலாதான். அங்கே குடைந்த மரமும் அதனுள் அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிர்ந்துதான் ஒலி நம் காதுக்கு வருகிறது. மின்கிற்றாரின் கதை வேறு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, உருக்குத் தந்திகளின் கீழே பொருத்துகிறார்கள். பிக்கப் என்பது இதுதான். தந்தி அசைய, கம்பிச் சுருளில் மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கி அதைப் பெருக்குகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் தந்தி, பிக்கப், அது பொருத்தப்படும் இடம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் பங்குக்கு முன்னால் அது மிகச் சிறியது. மரம் செய்ய வேண்டிய வேலை, வளையாமல் இருப்பதும் திருகாணியை இறுகப் பிடித்திருப்பதும். கதவு நிலை செய்கிற வேலைதானே அது?

சரி, அந்த மேனாட்டார் என்ன செய்தார்கள்? 1940 அளவில் லெஸ் போல் என்ற கலைஞர் நான்கங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றில் தந்திகளைக் கட்டினார். வெறுங்கட்டை பார்ப்பவர் கண்ணுக்குக் கிற்றாராகத் தோன்றவில்லை என்பதால், வேறொரு கிற்றாரை அறுத்து இருபுறமும் ஒட்டினார். ஒட்டியது ஒலிக்காக அல்ல, தோற்றத்துக்காக! லியோ ஃபெண்டர் வானொலி திருத்துபவர்; கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1950 இல் ஆஷ் மரத்தில் தொடங்கி, 1956 அளவில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார். அது அவருக்கு எளிதாக, மலிவாகக் கிடைத்தது. அவர் பக்கத்தில் கிடைத்ததை நாம் கப்பலில் இறக்கிக் கும்பிடுகிறோம்.

குயின் குழுவின் பிறையன் மே கதை இன்னும் நம் வீட்டுக்கு அருகில் வருகிறது. 1963 இல், பள்ளி மாணவனாக, தந்தையோடு சேர்ந்து கிற்றார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக் பலகையும் ஒட்டுப்பலகையும். உலக அரங்குகளை நிறைத்தது அந்தக் கிற்றார்தான்.

மகோகனி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தாவரவியலார் மகோகனியையும் வேம்பையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்று விட்ட சகோதரர்கள். 1938 இல் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததே, அந்தக் கப்பலின் உடலில் இருந்ததும் நமது வேம்புதான். பெருங்கடலைத் தாங்கிய மரம் ஆறு தந்திகளைத் தாங்காதா?

பனை அபிமானிகள் என்னைக் கோபிக்கக்கூடும். கற்பகதருவில் கிற்றார் செய்வேன் என்று எவரேனும் புறப்பட்டால் நானே தடுப்பேன். வைரம் வெளிப்புறத்தில் மட்டும், உள்ளே சோறு. சிலாம்பு கையைக் கிழிக்கும், திருகாணி நிற்காது. வளைக்கும் தீராந்திக்கும் நிகரற்ற மரம், இந்த வேலைக்கு ஆகாது. அபிமானம் வேறு, தச்சு வேறு. பூவரசு நல்லது. அதன் இலையைச் சுருட்டி ஊதிய பீப்பிதானே நம்மில் பலருக்கு முதல் வாத்தியம்! ஆனால் வேலிப் பூவரசில் அகலமான பலகை கிடைப்பது அரிது. துண்டுகளை ஒட்ட வேண்டும். பலா இழைப்புளிக்கு இணங்கும், எனினும் நின்ற மரத்தைத் தறிக்க அனுமதி வேண்டும். 1951 ஆம் ஆண்டின் சட்டம் அப்படி. தறித்தாலும், ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்ற கணக்கில் நிழலில் உலர வேண்டும். ஒன்றேமுக்கால் அங்குல உடலுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்.

ஏன் காத்திருக்க வேண்டும்? குடாநாட்டில் எத்தனை நாற்சார் வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறோம்! 1995 இடப்பெயர்வில் பூட்டிய கதவுகள் சில, திறக்க ஆளின்றியே உளுத்தன. எஞ்சியவற்றைக் கொங்கிறீற்று மாடிக்காகப் பெயர்த்து, பாட்டன் காலத்து நிலைகளையும் உத்தரங்களையும் விறகு காலைக்கு நிறை போட்டு விற்கிறோம். அரை நூற்றாண்டுக்கு மேல் உலர்ந்த மரம்! அந்தக் காசை வங்கியில் போட்டுவிட்டு, ரொறன்ரோ மாமாவிடம் பலகை கேட்கிறோம். இதை அறியாமை என்று என்னால் மன்னிக்க முடியவில்லை. பெட்டியில் வந்தால்தான் பொருள், வளவில் நின்றால் விறகு என்கிற இந்த நோய் பலகையோடு நின்றதா என்ன?

சென்ற மாதம் அவனை எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். கூரையற்ற அறையில் ஒரு வேப்ப நிலை இன்னும் நின்றது. அவனுடைய பூட்டனார் வைத்தது. அரை மனத்தோடு கழற்றினான். மூன்றேகால் அங்குல அகலத்தில் நான்கு துண்டுகள் அறுத்து ஒட்டினால் பதின்மூன்று அங்குலம், உடலுக்குப் போதும். மேல் அரையங்குலத்தைக் கறையான் தொட்டிருந்தது, உள்ளே செம்பழுப்பு மாறாமல் இருந்தது. முதல் இழைப்பிலேயே துருப்பிடித்த ஆணியொன்றில் மோதி உளி பல்லுடைந்தது. தவறு என்னுடையது, காந்தம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். என்னை முறைத்தான். பிறகு பிக்கப்புக்காக வாங்கி வைத்திருந்த காந்தத்தையே எடுத்து வந்து, மரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். இன்னும் நான்கு ஆணிகள் அகப்பட்டன.