மின்சாரம் நின்றால் பற்றரி

 

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையோடு தொடுக்கப்படாமல், டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருந்து வந்த தீவுகள். அந்த டீசலும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். இம்மூன்று தீவுகளுக்கும் காற்று, வெயில், பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு, இந்திய அரசின் 1 கோடியே 10 லட்சம் டொலர் நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்றாலை 530 கிலோவாட், சூரிய ஒளி 1,700 கிலோவாட், பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவாட் மணி, இவை போதாத வேளைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது கணக்கு.

ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும். இதையே சிறிய அளவில் உங்கள் பிள்ளையும் செய்து பார்க்க ஆசைப்படலாம். மின்சாரம் இருக்கும்போது அடாப்டரில் எரியும் விளக்கு, மின்சாரம் நின்றதும் தானாகவே பற்றரியில் எரியவேண்டும் என்பான். ஸஹர் நேரத்தில் மின்சாரம் நின்று அடுப்படியில் தடவித் திரிந்த தாய்மாருக்கு இதன் அருமை தெரியும். தடுக்காதீர்கள். ஆனால் அருகில் இருந்து ஒன்றைக் கவனியுங்கள்.

பிள்ளைகள் அநேகமாகச் செய்வது, அடாப்டரின் வயரையும் பற்றரியின் வயரையும் ஒன்றாக முறுக்கி விளக்கில் கொடுப்பதுதான். விளக்கு எரியும். ஆனால் அடாப்டரின் வோல்ட் கூடுதலாக இருந்தால், மின்சாரம் பற்றரிக்குள்ளும் தள்ளப்படும். சாதாரணப் பற்றரி அதை ஏற்பதற்குச் செய்யப்பட்டதல்ல. சூடாகும், நீர் கசியும், சில வேளை வெடிக்கும். லிதியம் பற்றரியானால் தீயே பிடிக்கலாம். அதை ஏற்றுவதற்கு, 4.2 வோல்ட்டில் நிறுத்தும் தனிச் சுற்று கட்டாயம் வேண்டும்.

வீட்டிலுள்ள பழைய வானொலியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அடாப்டரின் முனையைத் துளையில் செருகியதும், உள்ளே ஒரு தகடு விலகிப் பற்றரியைத் துண்டித்துவிடும். மின்சாரம் நின்ற பிறகும் முனை செருகியபடியே இருந்தால் வானொலி பாடாது. பற்றரி செத்துவிட்டதென்று வீசிவிடாதீர்கள். முனையைக் கழற்றினால் பாடும். 1990களில், மின்சாரமும் இல்லாமல் பற்றரிக்கும் தடையிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு ஒரு பற்றரியின் பெறுமதி நன்றாகத் தெரியும்.

தானாக மாற வேண்டுமானால் எளிய வழி டயோட். கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள வால்வு, ஏறிய நீரைத் திரும்பவிடாது அல்லவா? டயோடும் மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். அடாப்டருக்கு ஒன்று, பற்றரிக்கு ஒன்று என இரண்டு டயோட்களை வைத்து, கோடு போட்ட முனைகளைச் சேர்த்து விளக்கின் நேர்முனைக்குக் கொடுக்க வேண்டும். எதன் வோல்ட் கூடவோ அதுவே விளக்கை எரிக்கும், மற்றது காத்திருக்கும். ஆகவே, விளக்கு தாங்கும் அளவுக்குள், அடாப்டரின் வோல்ட் பற்றரியை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இல்லையேல் மின்சாரம் இருக்கும்போதே பற்றரி தீரும். சாதாரண டயோட் ஏறக்குறைய 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். இரண்டு பற்றரியின் 3 வோல்ட்டில் அது பெரிய இழப்பு. ஷொட்கி டயோட் ஏறக்குறைய 0.3 வோல்ட்டுடன் நின்றுவிடும்.

இன்னொரு வழி ரிலே. மின்சாரம் இருக்கும்வரை அதன் காந்தம் தகட்டை அடாப்டர் பக்கம் இழுத்து வைத்திருக்கும். நின்றதும் ஸ்பிரிங் அதைப் பற்றரி பக்கம் தள்ளும். மாறும் அந்தக் கணநேர இடைவெளி விளக்குக்குப் பெரிதல்ல. கடிகாரம் போன்றவை நின்றுவிடாமல் தாங்கிக்கொள்ள ஒரு கப்பாசிட்டர் போட வேண்டும்.

இவ்வளவும் சிறு பற்றரி அளவோடு மட்டும். வீட்டு மின்சாரத்தோடு ஜெனரேட்டரைச் சேர்க்கும் வேலையில் பிள்ளைகளையும் விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். தீவுத் திட்டங்களில் பல மூலங்கள் சேர்ந்து ஓடுவது, கட்டுப்பாட்டுக் கருவிகள் அவற்றை ஒரே தாளத்தில் ஓட வைப்பதால்தான். வீட்டிலோ ஒன்றை முற்றாகத் துண்டித்த பிறகே மற்றதைத் தொடுக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டும். தகுதியான மின்பணியாளர்தான் அதைப் பூட்ட வேண்டும். அது இல்லாமல் ஜெனரேட்டரை பிளக்கில் செருகினால், மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் செல்லும். டிரான்ஸ்போர்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் இன்னொரு வீட்டின் வாப்பா என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறங்குமுன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பிள்ளை செய்த புதுச் சாதனத்தையும் முதற் சில நாட்கள் இரவில் கழற்றிவைத்துவிட்டே படுங்கள். பகலில் பற்றரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே துண்டித்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.