எல்லைக் கார்பன் வரி: சுமை யார் தலையில்?



இறக்குமதிச் சரக்கின் உற்பத்தியில் வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் முழு வடிவில் அமலுக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றுடன் போல்ட், நட்டும் இதில் அடக்கம். லூதியானாவில் ஐரோப்பாவுக்காக போல்ட் செய்யும் சிறு பட்டறை, தான் கம்பி வாங்கிய ஆலை வெளியிட்ட கார்பனின் கணக்கைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், கார்பன் அளவுக்குக் கூடுதலாகவே வைக்கப்பட்ட பொது மதிப்பு அதன் சரக்கின் மேல் ஏறும். ஆண்டுக்கு 50 டன் வரை விலக்கு உண்டு என்கிறார்கள். அது இறக்குமதியாளருக்கான விலக்கு. பெரிய இறக்குமதியாளருக்கு ஐந்து டன் விற்கும் பட்டறைக்கு அதனால் பயனில்லை.

இந்த வரி இல்லாவிட்டால் ஐரோப்பிய ஆலைகள் கார்பன் கட்டுப்பாடற்ற நாடுகளுக்கு இடம்பெயரும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வரி 2034 வரை படிப்படியாகத்தான் உயரும் என்பதும் உண்மை. ஆனால், 2005-இல் கார்பன் சந்தையைத் தொடங்கிய ஐரோப்பா, தன் உருக்காலைகளுக்குக் கார்பன் வெளியிட இலவச உரிமங்கள் கொடுத்து ஏறத்தாழ முப்பது ஆண்டு அவகாசம் தருகிறது. நமக்குக் கிடைத்ததோ, 2023 அக்டோபரில் தொடங்கிய, வரியின்றிக் கணக்கை மட்டும் தெரிவிக்கும் அறிக்கைக் காலமும், 2034 வரையிலான இந்தச் சில ஆண்டுகளும்தான். நாடுகளின் பொறுப்பு பொதுவானது, ஆனால் வேறுபட்டது என்று 1992-இல் ரியோவில் ஒப்புக்கொண்டவர்கள், வசூலாகும் தொகையில் ஒரு பங்கையேனும் ஏழை நாடுகளின் ஆலைகளைத் தூய்மையாக்க ஒதுக்கும்படி இச்சட்டத்தில் கட்டாயம் வைக்கவில்லை. வர்த்தகப் பேச்சுகளில் இந்தியா முதலில் கேட்க வேண்டியது இந்தப் பங்கைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்