சுவிட்சர்லாந்து பால் மட்டும் கறக்கவில்லை

மூணாறை ‘இந்தியாவின் சுவிட்சர்லாந்து’ என்று அச்சடித்த விடுதித் துண்டறிக்கையை நம்பி இரண்டு நாள் அறை எடுப்பவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே துண்டறிக்கையை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒருவர் தொழில்கொள்கை எழுத உட்கார்ந்தால்தான் வம்பு. சிறிய நிலங்கள் இரும்பைக் கட்டிக்கொண்டு அழக் கூடாது என்று அண்மையில் எழுதியிருக்கும் கட்டுரையாளர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் சொல்வது இது. 1963இல் இந்தோ–சுவிஸ் ஒப்பந்தத்தின் பேரில் மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பட்டிக்கு வந்த சுவிஸ்காரர்கள் நமக்கு மாடு கொடுத்தார்கள், இயந்திரம் கொடுக்கவில்லை. மலைநாட்டுக்கு எது ஒத்துவரும் என்று அவர்களுக்குத் தெரியும். பால், பனி, வங்கி இவற்றால் வாழும் நாடு அது. பொறியியல் தொழிலுக்குத் தாது வேண்டும், நிலக்கரி வேண்டும், கோடிக்கணக்கில் ஆள் வேண்டும், கூலி மலிவாக இருக்க வேண்டும். ஆகவே கேரளத்தின் தொழிற்பேட்டைகளான கஞ்சிக்கோட்டையும் களமசேரியையும் மறந்துவிட்டு, மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்துப் பிள்ளைகளை ஓட்டல் வேலைக்குப் பழக்க வேண்டும். கோவையின் ‘சில்லறைப் பட்டறை’களும் சீனாவின் முன் எத்தனை நாள் நிற்கும்?

முதலில் சுவிட்சர்லாந்து. பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர், கேரளம் 38,863. அங்கே மக்கள் சுமார் 90 லட்சம், இங்கே மூன்று கோடிக்கு மேல். கடல் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது. கட்டுரையாளரின் இலக்கணப்படி அங்கே ஒரு திருகாணிகூடப் பிறந்திருக்கக் கூடாது. ஆனால் அதன் இயந்திர, மின், உலோகத் தொழில்களில் மூன்று லட்சம் பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்வதில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்றுமதியாகிறது. அவர் உருகி உருகி எழுதும் வேளாண்மை, மாடும் பாலாடைக்கட்டியும் சேர்த்தே, அந்த நாட்டு உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. சுற்றுலா நூற்றுக்கு மூன்று. ஏற்றுமதியில் பெரும்பங்கு மருந்துக்கும் ரசாயனத்துக்கும் போகிறது என்று அவர் குறுக்கிடலாம். உண்மைதான். அதுவும் ஆலையில் செய்வதுதானே? பனியில் முளைப்பதில்லையே.

அந்த இயந்திரத் தொழில் எப்படி வந்தது என்பது இடுக்கிக்காரர்கள் கவனிக்க வேண்டிய கதை. வின்டர்தூர் நகரத்தின் ரீட்டர் நிறுவனம் 1795இல் நறுமணப் பொருளும் பருத்தியும் விற்கும் வணிகமாகத் தொடங்கியது. நாம் இன்னும் ஏலக்காயை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அங்கிருந்து நூற்பு ஆலைக்கும், பின்பு நூற்பு இயந்திரத்துக்கும் நகர்ந்தார்கள். நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் ஆங்கிலேய இயந்திரங்கள் வருவது கடினமானபோது, ஜூரிச்சில் நூற்பாலையாகத் தொடங்கிய எஷர் விஸ் போன்றவர்கள் தங்களுக்கு வேண்டிய இயந்திரத்தைத் தாங்களே செய்யக் கற்றார்கள். பக்கத்திலேயே ஆலை; ஆலையில் பழுது; பழுது பார்க்கப் பட்டறை; பட்டறையிலிருந்து புதிய இயந்திரம். கோவையும் ஏறத்தாழ இதே வழியில்தான் வந்தது. பஞ்சாலைகளின் பழுதுபார்ப்பில் கை பழகியது, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்தார்கள்.

இனி மாடு. மாட்டுப்பட்டியில் சுவிஸ்காரர்கள் ஒரு மாட்டைப் பிடித்து நம் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனதுபோல் கட்டுரையாளர் எழுதுகிறார். பிரவுன் சுவிஸ் காளைகள் வந்தன, நாட்டு மாடுகளோடு கலந்தன, சுனந்தினி என்ற கலப்பினம் பிறந்தது, அதெல்லாம் சரி. ஆனால் எந்தக் காளை நல்ல காளை என்று அதன் முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறக்கின்றன என்று வீடு வீடாக அளந்து, எழுதி, ஒப்பிட்டுத்தான் தெரியும். தேர்ந்தெடுத்த காளையின் உறைவிந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்க வேண்டும். அதைத் தாங்கும் கேன் இரட்டைச் சுவருள்ள அலுமினியக் கலம். இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம். ஒரு வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் ஒரு வட்டாரத்தின் சினையூட்டல் கெடும். ‘மாடு மட்டுமே’ என்று அவர் கையெடுத்துக் கும்பிடும் அந்தப் பண்ணை, அளவீட்டாலும் உலோகவேலையாலும் நடப்பது. மாட்டுக்கும் இரும்புக்கும் பகை மூட்டியவர் இவர்தான்.

இந்த மலைக்கு இரும்பு அந்நியம் என்பதும் அவர் கண்டுபிடிப்பு. மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு 1902இலேயே ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடியது, இழுத்தவை காளைகள். (இதைப் படித்தால் அவர் மறுபடி மாட்டையே மேற்கோள் காட்டுவார்.) 1908இல் அது நீராவி ரயிலாகி, 1924 வெள்ளத்தில் போனது. பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து மின்சாரத்தை நம்பித்தான் 1943இல் ஆலுவாய்க்குப் பக்கத்தில் அலுமினிய உருக்காலை வந்தது. பள்ளிவாசலுக்கு நீர் சேர்த்துவைக்க 1950களில் கட்டி முடித்த அணையில்தான் அவருடைய சுற்றுலாப் படகு மிதக்கிறது.

‘இயந்திரம் கொடுக்கவில்லை’ என்ற வரியை எழுதுமுன் அவர் கேரள எல்லையின் வாளையாறு சோதனைச்சாவடியைத் தாண்டியாவது பார்த்திருக்கலாம். 1962இல் கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பக் கூட்டாளி யார்? அதே ரீட்டர். அதற்கு முன்பே, 1953இல், பெங்களூரில் அரசின் இயந்திரக் கருவி நிறுவனமான எச்.எம்.டி.க்குக் கைகொடுத்தது யார்? சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான். இந்த இரண்டும் ஏன் இரண்டு வழியில் போயின என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கட்டுரையாளரின் அளவுகோலில் ஜெயித்திருக்க வேண்டியது எச்.எம்.டி.; நாடு முழுக்க ஆலை, அரசின் மூலதனம், காவலுக்கு இறக்குமதித் தடை. களமசேரியிலும் 1960களில் ஒரு கிளை. ஜப்பானியர்களின் கணினிக் கட்டுப்பாட்டு லேத்துகள் வந்தபோது அந்தப் பெரிய உடம்பு திரும்பவில்லை. கைக்கடிகாரப் பிரிவும் டிராக்டர் பிரிவும் 2016இல் மூடப்பட்டன. கோவைக்காரர்களோ, நூல் அறுந்தால் அன்றைக்கே வந்து வாசலில் நிற்கும் ஆலைக்காரனுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே கற்றார்கள். இன்று நூற்பு இயந்திரச் சந்தையில் ரீட்டருக்கே போட்டி.

‘சில்லறைப் பட்டறை’ என்கிறாரே, ஒரு பம்பு எப்படி உருவாகிறது என்று தெரியுமா? ஒருவர் வார்ப்பார், ஒருவர் ஷாஃப்ட் கடைவார், வேறொருவர் ஸ்டாம்பிங் அடிப்பார், இன்னொரு தெருவில் வைண்டிங். கோவையின் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சியிலும் பிரிந்து கிடக்கும் இந்தச் சிறு கொட்டகைகள் சேர்ந்தால் ஒரு பெரிய ஆலை. வித்தியாசம், இதில் ஒரு மூலை சரிந்தாலும் மற்றது நிற்கும். கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, மின்னழுத்தம் ஏறி இறங்கியது. அதைத் தாங்காத மோட்டாரை விவசாயி தோளில் தூக்கிக்கொண்டு வந்து திட்டினார். அந்தத் திட்டுதான் இவர்களுடைய ஆராய்ச்சிக்கூடம்.

கூலி மலிவாக வேண்டுமாம். ஜெனீவாவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 ஃபிராங்கைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். உலகத்திலேயே விலைகூடிய கைகளில் சிலதை வைத்துக்கொண்டு அவர்கள் கடைசல் வேலை செய்கிறார்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி ஃபிராங்கின் மதிப்பைக் கட்டிவைத்திருந்த பிடியை விட்டதும் அது ஒரே நாளில் எகிறி, சுவிஸ் சரக்கு அயல்நாட்டில் விலை கூடிப்போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுவிஸ் சரக்குக்கு 39 சதவீத வரி போட்டது. நவம்பரில்தான் அதை 15க்கு இறக்கச் சம்மதித்தது. இரண்டிலும் அடிபட்டார்கள், வேலைகளும் போயின. ஆனால் மலிவை நம்பிப் பிழைத்தவர்களாக இருந்தால் முதல் அடியிலேயே கடை மூடியிருக்கும்.

கேரளத்தில் தொழில் வளராததற்குத் தொழிற்சங்கம்தான் காரணம் என்ற பழைய பல்லவியையும் அவர் விடவில்லை. வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்கே கேட்கும் நோக்குகூலியை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது பகல் கொள்ளை, 2018 மே முதல் நாளிலிருந்து அரசே தடை செய்தது. ஆனால் சங்கம் இருந்தாலே தொழில் சாகும் என்றால், சுவிஸ் உலோகத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளும் 1937 ஜூலையில் செய்த உடன்படிக்கையை என்ன சொல்வது? வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வேண்டாம், தகராறு நடுவரிடம் போகட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். சங்கத்தை ஒழிக்கவில்லை, மேசைக்கு எதிரே உட்காரவைத்தார்கள்.

ஒரே ஓர் இடத்தில் அவர் சொல்வது சரி. சலுகை மின்சாரத்தை நம்பிக் கஞ்சிக்கோட்டுக்கு வந்து பழைய இரும்பை உருக்கியவர்கள் கட்டணம் ஏறியதும் தள்ளாடினார்கள். அது தோற்கத்தான் வேண்டும். மின்சாரத்தைக் கட்டியாக்கி விற்பது பொறியியல் இல்லை. ஆனால் அதே கஞ்சிக்கோட்டில் 1974 முதல் கண்ட்ரோல் வால்வு செய்யும் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் ஆலையை ஏன் அவர் பார்க்கவில்லை? ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்த தாய் ஆலை நட்டத்தில் மூடப்பட்டது. லாபத்தில் ஓடிய பாலக்காட்டு ஆலை தப்பியது. ஒரே முதலாளி, ஒரே பெயர்ப்பலகை. மின்நிலையத்துக்குள் நீராவியைப் பிடித்து நிறுத்தும் வால்வைச் செய்யத் தெரிந்த கைகள் இருந்ததுதான் வித்தியாசம்.

அந்தக் கைகள் எங்கிருந்து வரும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சுவிட்சர்லாந்தில் மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் தொழிற்பயிற்சி வழியே போகிறார்கள். வாரத்தில் ஓரிரு நாள் வகுப்பு, மீதி நாள் பட்டறை. நம் ஐ.டி.ஐ.க்கள் பலவற்றில் நல்ல மைக்ரோமீட்டர் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, பையன் தொட்டால் கெட்டுவிடும் என்று. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பாலக்காட்டுத் தொழில்நகரத்துக்கு 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். அதில் டூல் ரூம் எத்தனை, பயிற்சிப் பட்டறை எத்தனை என்று கேட்டு அவர் எழுதியிருந்தால் நான் அவரோடு நின்றிருப்பேன். அவர் எழுதியதோ ஓட்டல் வேலை.

ஓட்டல் தொழில் இழிவில்லை. அதைக் கற்றுத்தருவதில் சுவிஸ்காரர்கள் உலகத்துக்கே முன்னோடிகள். லோசானில் 1893இலேயே அதற்கென்று பள்ளி திறந்தவர்கள். அவர்களுடைய உதவியோடு 1959இல் தலசேரிக்குப் பக்கத்து நெட்டூரில் கேரளத்துப் பையன்களுக்காக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கியபோது, பரிமாறவா கற்றுக்கொடுத்தார்கள்? டூலும் டையும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.