நடுங்கும் கையும் நம்பிக்கை வியாபாரமும்

மருதமுனைத் தறிகளின் ஓசையில் வளர்ந்த நமக்கு, நெசவாளியின் கை நடுங்கினால் என்ன நேரும் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். பார்க்கின்சன் நோய் கையில் பிறப்பதன்று. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்லச் சாவதால் வருவது.

செத்த கலங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை நட்டால் என்ன? விஞ்ஞானம் இக்கேள்வியை நேர்மையாகவே கேட்டது. 1987இல் சுவீடனின் லுண்ட் நகரில், இளங்கருவின் மூளைக் கலங்கள் நோயாளிகளின் மூளையில் வைக்கப்பட்டன. அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்து 2001இல் வெளியான சோதனையில், பாதிப்பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டுமே இடப்பட்டது. உண்மையை அறிய அத்துணைக் கடுமை வேண்டியிருந்தது. 60 வயதைக் கடந்தோருக்குப் பயன் தெரியவில்லை. சிலருக்கு அடக்கவியலாத அசைவுகள் தோன்றின. 2025இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம் 7 பேரிடம் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டது: பாரதூரமான தீங்கில்லை, பயன் அளவிடப்பட்ட 6 பேரில் நால்வரின் உடலியக்கம் மேம்பட்டது. ஏறத்தாழ நாற்பதாண்டு உழைப்பின் இவ்வறுவடையை நாம் போற்றுகிறோம்.

ஆனால், பிறர் அறுவடையைக் காட்டித் தம் பதரை விற்போரை எவ்வாறு பொறுப்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, சில இரத்தநோய்கள் முதலியன நீங்கலாக, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சையை ஏற்கவில்லை. அதன் பின்னரும் அந்நாட்டு நகரங்களில் இந்த ஊசி விலைக்கு விற்கப்பட்டது. நேர்மையான ஆய்வு நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை, கேட்பது வியாபாரம்.

வாப்பாவுக்காக வயற்காணியை விற்கத் துணியும் மகனை நாம் பழிக்கவில்லை. எந்நோய்க்கும் மருந்துண்டு என்பது நம் ஊர்களின் ஆழ்ந்த நம்பிக்கை. அந்நம்பிக்கை நம்மைத் தேடச் சொல்கிறது, ஏமாறச் சொல்லவில்லை.

1960களில் பயனுக்கு வந்த லெவோடோபா மாத்திரை நோயை வேரறுக்காது. ஆயினும் விறைப்பைத் தணித்து மனிதனைப் பல்லாண்டு இயங்க வைக்கும். 2022இன் நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் அருகியதை நாம் மறக்கவில்லை. கல்முனை ஆஸ்பத்திரிகளில் இம்மாத்திரை ஒருநாளும் தடைப்படலாகாது; இயன்மருத்துவமும் நரம்பியல் வைத்தியமும் ஏழைக்கு எட்ட வேண்டும். நாளை கலமாற்றுச் சிகிச்சை முழுமையாக நிலைநாட்டப்படுமாயின், அதுவும் இலவச வைத்தியத்தின் பகுதியாதல் வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! விளம்பரம் வீடு புகுமுன் இவ்வுண்மை வீடு புகட்டும்.